பாய்க்கடியில் ஒரு பிரதமர்

நம்ம ஆட்களிடையே ஒரு மனஸ்தாபம் என்றால், பெரியவர்கள் முதலில் யாரிடம் போய்ப் பேசுகிறார்கள்? அடி வாங்கினவரிடம்தான். "போனால் போகுது, மன்னிச்சு விட்டுடும்மா. வயசுல பெரியவர் இல்லையா?" இந்தப் பழக்கம் நம்மோடு விமானம் ஏறி ஆக்லாந்துக்கும் வந்துவிட்டது.

இங்கே நம் அக்கம்பக்கத்தில் வாழும் சமோவா மக்களின் முறை வேறு. இஃபோங்கா என்று பெயர். தப்பு செய்தவரின் குடும்பத்தார் விடிவதற்கு முன்பே பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலுக்குப் போய், மெல்லிதாக முடைந்த விலையுயர்ந்த பாயைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். உள்ளேயிருந்து ஆள் வந்து பாயை விலக்கினால் மன்னிப்பு. விலக்காவிட்டால்? காத்திருக்க வேண்டியதுதான்.

2021 ஆகஸ்ட் 1 அன்று, ஆக்லாந்து டவுன் ஹாலில், அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் மேல் அப்படி ஒரு வெள்ளைப் பாயைப் போர்த்தினார்கள். 1970களின் 'டான் ரெய்ட்ஸ்' கொடுமைக்காக அரசு கேட்ட மன்னிப்பு அது. தொழிற்சாலைக்கு ஆள் தேவைப்பட்டபோது பசிபிக் தீவினரை வரவேற்றார்கள். பொருளாதாரம் படுத்ததும், விசா முடிந்தவர்களைத் தேடி விடியற்காலையில் அவர்கள் வீட்டுக் கதவை இடித்தார்கள். 1985–86 காலத்துக் கணக்கைப் பாருங்கள்: விசா முடிந்தும் தங்கியவர்களில் பசிபிக் தீவினர் மூன்றில் ஒரு பங்கு, வழக்குப் போடப்பட்டவர்களிலோ 86 சதவீதம். பிரிட்டன், அமெரிக்காவிலிருந்து வந்து தங்கியவர்களும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அவர்கள் மேல் வழக்கு 5 சதவீதம்!

இமிக்ரேஷன் மெயில் வந்தாலே வயிறு கலங்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பான்சன்பி பகுதி இளைஞர்கள் 1971இல் தொடங்கிய பாலினேசியன் பேந்தர்ஸ், அன்றைக்கே அமைச்சர்கள் வீட்டு வாசலில் விடியற்காலை ஒலிபெருக்கியோடு நின்று, அந்த அனுபவம் எப்படி இருக்கும் என்று காட்டினார்கள். பிறகு அதே ஆட்கள் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொன்னார்கள். வாழ்க்கையில் ஜெயித்தவர்கள் என்று நான் யாரையாவது காட்டச் சொன்னால், இவர்களைத்தான் காட்டுவேன். நம்ம பட்டியல் தெரிந்ததுதானே: ரெசிடென்சி, சொந்த வீடு, பிள்ளைக்கு மெடிக்கல் சீட்.

அந்தப் பட்டியலை முடிக்கும் அவசரத்தில் பிள்ளையை அடித்திருப்போம், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் குத்தியிருப்போம். இருபத்தைந்து வயதில் அது திரும்பிக் கேட்டால், "எல்லாம் உனக்காகத்தானே பண்ணோம்" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். ஒரு நாட்டின் பிரதமரே பாய்க்கடியில் காத்திருந்தார். அப்பா "ஸாரிடா கண்ணா" என்று சொன்னால் எந்தக் கிரீடம் விழுந்துவிடும்?

அன்றைய நிகழ்ச்சியில் பேசிய தோங்கா இளவரசி நன்றி சொன்னார். கூடவே, இன்றைக்கு விசா இல்லாமல் தவிப்பவர்களுக்கு அரசு இன்னும் செய்ய வேண்டியது இருக்கிறது என்றும் சொன்னார். மன்னித்த பிறகு எதற்கு இந்தப் பேச்சு என்று யாரும் அவரை அடக்கவில்லை. 2023இல் ஆக்லாந்தில் விசா முடிந்த தோங்காக்காரர் ஒருவர் வீட்டுக்கு அதிகாரிகள் மறுபடியும் விடியற்காலையில் போனார்கள் என்ற செய்தி வந்தது. இளவரசி அன்று வாயை மூடிக்கொள்ளாதது நல்லதாய்ப் போயிற்று.