கொம்பு ஒலிபெருக்கி

சென்ற மார்கழித் திங்களில் எம் கல்லூரி மாணவர் சிலர் கிறிஸ்து பிறப்புப் பாடல் நிகழ்ச்சியொன்றை மாமல்லபுரக் கடற்கரையில் நடத்தினர். அதன்பொருட்டு மாணவர் தாமே பலகையறுத்துப் பெரியதோர் ஒலிபெருக்கிப் பெட்டி செய்திருந்தனர். தாழ்ந்த சுரங்களுக்கென்றே அமைந்த பெட்டி அது. கடைக்காரர் 'பேஸ் பாக்ஸ்' என்பர். கல்லூரி மண்டபத்தின் மூலையொன்றில் வைத்துச் சோதித்தபொழுது சன்னற் கண்ணாடிகள் நடுங்கின, யாவரும் மகிழ்ந்தோம். அதே பெட்டி, அதே மின்கருவி, அதே பாட்டு. கடற்கரை மணலில் வைத்தவுடன் ஊமைபோலாயிற்று.

கடற்காற்றே ஒலியைக் கொண்டுபோயிற்று என்றனர் சிலர். மின்கருவியின் ஆற்றல் போதாது, இருமடங்கு ஆற்றலுள்ள கருவி வாங்கல் வேண்டும் என்றனர் பலர். இவ்வாண்டு விழாவிற்கு அதற்கெனவே பணம் திரட்டத் தொடங்கியிருப்பதால், அது வீண்செலவு என்று யான் கருதுவதன் காரணத்தை ஈண்டு எழுதத் துணிந்தேன். தமிழ் பயிலும் ஒருவன் இதனுட் புகுந்ததை இயற்பியல் மாணவர் பொறுத்தருள்க.

கொம்பு நமக்குப் புதியதன்று. கொம்பு, தாரை, எக்காளம் என்னும் பெயர்கள் நம் ஊர்த் திருவிழாக்களில் இன்றும் வழங்குவன. எரிகோவின் மதிலைச் சுற்றி ஆசாரியர் ஊதியவையும் கொம்புகளே. செங்கற்பட்டினின்று மாமல்லபுரம் செல்லும் வழியிலுள்ள திருக்கழுக்குன்றத்துச் சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை சங்கு தோன்றும் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அச்சங்கும் ஒரு கொம்பே. நுனியிற் சிறு துளை; அங்கிருந்து சுருண்டு சுருண்டு அகன்றுவந்து பெருவாயாக முடிகிறது. நீண்ட குழலைச் சிறிய இடத்துள் மடித்துவைக்கும் இவ்வுபாயத்தையே எம் தோழர் பலகைகளாற் செய்தனர். பெட்டியின் உள்ளே ஒலிபெருக்கி ஒரு குறுகிய தொண்டையை நோக்கியிருக்கும். தொண்டையினின்று குழல் மடிந்து மடிந்து விரிந்து முன்புறத்து வாயை அடையும்.

கொம்பு ஒலியைப் பன்மடங்காக்கித் தருகிறது என்று எண்ணுவோர் பலர். அது தவறு. தனக்கென ஆற்றல் சிறிதும் அற்றது கொம்பு. அது செய்வது வேறு. ஒலிபெருக்கியின் காகிதத் திரை திறந்த வெளியில் மெல்ல அசையுங்கால், காற்று அதற்குத் தோள்கொடாமல் பக்கங்களில் விலகிப்போகிறது. குளத்து நீரில் கையை மெல்ல அசைத்தால் நீர் விலகிப்போவதில்லையா, அதுபோல. சுரம் தாழத் தாழ இவ்விலகல் மிகும். திரையை ஒரு குழலின் தொண்டையில் அடைத்துவிட்டாலோ, காற்று விலக வழியில்லை. சுமையை ஏற்றே தீரும். ஏற்ற சுமையைக் குழல் சிறிது சிறிதாக விரிந்து வெளிக்காற்றினிடம் ஒப்படைக்கிறது.

இதன் பயன் எவ்வளவு? கொம்பில்லாத சாதாரணப் பெட்டிக்குக் கொடுக்கும் மின்னாற்றலில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ ஒலியாகிறது. எஞ்சிய 98 பங்கும் உள்ளிருக்கும் கம்பிச்சுருளைச் சூடாக்குவதிலேயே கழியும். செவ்விதின் அமைந்த கொம்பு நூற்றுக்கு 20 அல்லது 30 பங்கினை ஒலியாக்கும். ஆயிரம் வாட் கொண்டு சாதாரணப் பெட்டி செய்வதை நூறு வாட் கொண்டு கொம்பு செய்துவிடும். பேசும் படங்கள் தோன்றிய காலத்தில் மின்கருவிகள் சில வாட்களே தந்தன. கொம்புகள் இருந்தமையாலேயே அவற்றைக்கொண்டு பெருங்கொட்டகைகளை ஒலியால் நிரப்ப இயன்றது.

ஆயின் கொம்பிற்கு ஒரு விலையுண்டு, அதுவே உருவம். கொம்பினுள் ஒலியலை செல்லும் முறையை வெப்ஸ்டர் என்னும் அமெரிக்கர் 1919-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிற் காணலாம். அக்கணக்கின்படி, நொடிக்கு 40 அதிர்வுடைய சுரம் வேண்டின், குழலின் பரப்பு ஏறத்தாழ 48 சென்டிமீட்டருக்கு ஒருமுறை இருமடங்காதல் வேண்டும். அதனினும் விரைந்து விரிந்தால் அச்சுரம் குழலுட் பிடிபடாது. வாய்க்கும் ஓர் அளவுண்டு. வாயின் சுற்றளவு ஒலியின் அலைநீளத்திற்குக் குறையாதிருத்தல் வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் செல்லும். 40 அதிர்வின் அலைநீளம் 8.7 மீட்டர். ஆகவே வாயின் குறுக்களவு 2.8 மீட்டர், பரப்பு 6 சதுர மீட்டர். அர்ச்சுனன் தபசுப் பாறையிலுள்ள யானைக்கன்று அதனுள் நடந்தே புகலாம்!

வாய் சிறுத்தால் நேர்வது யாது? மாமல்லபுரக் கரையில் நின்று நோக்குவார்க்கு விடை கண்முன்னே உள்ளது. மெல்லச் சரிந்த மணலில் ஏறும் அலை தன் வேகமெல்லாம் அங்கேயே செலவிட்டு ஓய்கிறது. செங்குத்தான பாறையில் மோதிய அலை திரும்பிக் கடலை நோக்கி ஓடுகிறது. கொம்பின் வாய் போதிய அளவு விரியுமுன் முடிந்துவிட்டால், ஒலியலைக்கு அம்முடிவு ஒரு பாறைபோலாகிறது. அலை தொண்டைக்கே திரும்பும். அதனால் ஒரு சுரம் அளவின்றி முழங்கும். அடுத்த சுரம் கேளாது.

இனி மூலையின் மருமத்தைக் காண்போம். தரை ஒரு கண்ணாடிபோல ஒலியைத் திருப்புவது. ஆதலின் தரைமேல் வைத்த கொம்பிற்கு வேண்டிய வாயிற் பாதியே போதும், 3 சதுர மீட்டர். பின்னே சுவரும் இருப்பின் அதிற் பாதி. இரு சுவரும் தரையும் கூடும் மூலையாயின் எட்டிலொரு பங்கு, அதாவது 0.75 சதுர மீட்டர். மூலையின் சுவர்களையே கொம்பின் தொடர்ச்சியாக்கிக்கொள்ளும் பெட்டியைப் பால் கிளிப்ஷ் என்பார் 1940-களில் அமெரிக்காவில் அமைத்துப் புகழ்பெற்றார். வீட்டு அறைக்குள் கொம்பு புகுந்தது இவ்வாற்றானே.

எம் தோழர் செய்த பெட்டியின் வாய் 60 சென்டிமீட்டர்ச் சதுரம், பரப்பு 0.36 சதுர மீட்டர். கணக்கிட்டுப் பார்த்தேன். மண்டப மூலையில் அது 58 அதிர்வு வரை நன்கு ஒலிக்கும். மணல்மேல் வைத்தாலோ 116 அதிர்விலேயே நின்றுவிடும். 'பேஸ் கித்தார்' என்னும் வாத்தியத்தின் தாழ்ந்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்வது. அதன் சுரங்களிற் பெரும்பாலானவை அன்று கொம்பைவிட்டு வெளிவரவேயில்லை. கடற்காற்றின்மேற் பழி சுமத்துவது தகாது.

மின்கருவியை இருமடங்காக்கினால் 3 டெசிபெல் ஏறும்; அது செவிக்குச் சிறிதே வேறுபாடு. இருமடங்கு உரக்கக் கேட்பதற்கு ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும்; அதற்குள் கம்பிச்சுருள் கருகிவிடும். அதற்கு மாறாக, இத்தகைய பெட்டிகள் நான்கினை இரண்டின்மேல் இரண்டாக அடுக்கினால், நான்கு வாயும் சேர்ந்து ஒரே வாய்போலாகி, திறந்த கடற்கரையிலும் 58 அதிர்வு வரை இறங்கும். மூலையில் ஒரு பெட்டி செய்ததை மணலில் நான்கு செய்யும் என்றபடி. ஆயின் நான்கும் ஒன்றையொன்று தொட்டிருத்தல் வேண்டும். அழகு கருதி மேடையின் இருபுறமும் இரண்டிரண்டாகப் பிரித்து வைத்தால் இப்பயன் கெடும்.

பலகையின் விலை புதிய மின்கருவியின் விலையினும் குறைவென்று தச்சர் ஒருவரிடம் கேட்டறிந்தேன். முதற்பெட்டிக்கு வரைந்த படம் விடுதியில் இன்னும் இருக்கிறது. செய்ய வேண்டியவை இன்னும் மூன்று.