துட்டும் உடுக்குறி வினையும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் வழங்கும் மலையாளத்தில் சில்லறைக் காசுக்கு 'நாணயத்துட்டு' என்று பெயர். தமிழ்ப் பேச்சில் 'துட்டு' பொதுவாகப் பணத்தையே குறிக்கும். இச்சொல் டச்சு மொழியின் 'டுயிட்' என்னும் செப்புக்காசுப் பெயரிலிருந்து வந்தது என்பர். கொச்சி 1663 முதல் 1795 வரை டச்சுக்காரர் வசம் இருந்தது. (பெயர் ஒன்றையே சான்றாகக் கொள்ளலாகாது, மட்டாஞ்சேரியின் 'டச்சு அரண்மனை' 1555-இல் போர்ச்சுக்கீசியர் கட்டியது.)

டுயிட்டுக்கு மூலமாக 'வெட்டு' என்னும் பொருளுடைய ஒரு வினையை ஜெர்மானிய ஒப்பிலக்கணம் காட்டுகிறது. அவ்வினை டச்சிலும் கோதிக்கிலும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'த்வீட்டன்' (சீவுதல், வெட்டுதல்) என உண்டு. பழைய நார்சில் 'த்வெய்ட்' என்னும் பெயர் வெட்டித் திருத்திய நிலத்துண்டையும், அதனோடு உறவுடைய 'த்வெய்ட்டி' சிறுகாசையும் குறித்தன. இவற்றைக் கொண்டு மூலஜெர்மானியத்திற்கு *த்வீட்- என்னும் வினையடி மீட்டுருவாக்கப்படுகிறது. உடுக்குறி, எழுத்துச் சான்று இல்லை என்பதைக் காட்டும்.

பொருள் ஒற்றுமை மட்டும் இதற்குப் போதாது. ஜெர்மானிய வலுவினைகளில் ஒரு வகை, நிகழ்காலத்தில் ஈகாரமும் இறந்தகால ஒருமையில் 'ஐ' ஒலியும் பெறும். அந்த ஐ நார்சில் 'எய்' ஆவது விதி. எனவே த்வெய்ட் என்னும் பெயர் *த்வைட்- என்னும் திரிந்த அடியில் பிறந்தது. அதற்கு இணையான ஈகார அடியே ஆங்கில வினையில் நிற்கிறது. தமிழில் கெடு – கேடு, சுடு – சூடு ஆகிய முதனிலை திரிந்த தொழிற்பெயர்களை அறிந்தவர்க்கு இது புதிதன்று. 'கெடு' வழக்கொழிந்திருந்தாலும் 'கேடு' அதனைக் காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் இதே துணிவில் 'காடு' என்பதைக் 'கடு' என்னும் வினையோடு முடிச்சிட முடியாது. வடிவம் இசைந்தாலும் பொருள் இடந்தராது.

டுயிட்டின் நிலையோ வேறு. மூலத்தின் 'த்வ' டச்சில் 'ட்வ' ஆக வேண்டும்; இங்கு வகரமே இல்லை, உயிரும் பொருந்தவில்லை. நார்சுச் சொல்லோடு அதற்குள்ள உறவு கடன்வழியாக இருக்கலாம். ஆகவே வினையை நிறுவும் சான்றுகளில் அதைச் சேர்க்காதிருப்பதே முறை.

மொழிபெயர்ப்பாளர்க்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. டச்சில் 'ஒரு டுயிட்டும் பெறாது' என்னும் வழக்கில் வெட்டும் இல்லை, பணமும் இல்லை, அற்பத்தன்மையே உண்டு. அதனைத் 'துட்டு' என்று பெயர்த்தால் சொல் ஒன்றாக இருந்தும் பொருள் தவறும். 'சல்லிக்காசு பெறாது' என்பதே பொருந்தும்.