ரெண்டும் 11.1 வோல்ட்தான்... ஒண்ணா சேர்த்துப் போடலாமா? ஆர்.சி. விமான பேட்டரிகளில் நடக்கும் தப்புக்கணக்கு

ஒரு பக்கம் டாங்க் தயாரிக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை, இன்னொரு பக்கம் அந்த டாங்குகளை வடிவமைக்கும் சி.வி.ஆர்.டி.இ. ஊரே இயந்திரங்களோடு வளர்ந்ததாலோ என்னவோ, ஆவடி, அம்பத்தூர் பக்கம் ரிமோட் கன்ட்ரோல் விமான ஆசையும் கொஞ்சம் கூடுதல்தான். ஏரோநாட்டிக்கல் படிக்கும் மாணவர்கள் ஒருபுறம், வாரம் முழுக்க லேப்டாப்பைத் தட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை தெர்மாகோல் விமானத்துடன் கிளம்பும் ஐ.டி. ஊழியர்கள் மறுபுறம்.

விமானத்தோடு வாங்கிய பேட்டரி பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். சில மாதம் கழித்து, சென்ட்ரலுக்கு ரயில் ஏறி ரிச்சி தெருவில் இன்னொன்று வாங்குவார்கள். அன்றைக்குக் கடையில் இருந்தது வேறு கம்பெனி, வேறு சைஸ். வீட்டுக்கு வந்ததும் அடுத்த யோசனை: "ரெண்டும் 11.1 வோல்ட்தானே, ஒரு ஒய்-கேபிள் போட்டு ஒண்ணா மாட்டிட்டா டபுள் டைம் பறக்குமே?"

பறக்கலாம். தீப்பிடிக்கவும் செய்யலாம். எப்படி இணைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பேரலலில் இணைத்தால் இரண்டு பேட்டரியின் வோல்டேஜும் அந்த நிமிடத்தில் சமமாக இருக்க வேண்டும். சீரியலில் இணைத்தால் கொள்ளளவு சமமாக இருக்க வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

லேபிளில் இருப்பது என்ன?

இந்த விமானங்களில் இருப்பது லித்தியம் பாலிமர் பேட்டரி, சுருக்கமாக லிப்போ. ஒரு செல்லின் சராசரி வோல்டேஜ் 3.7. முழு சார்ஜில் 4.2. எந்த நிலையிலும் 3-க்குக் கீழே போகக் கூடாது. '3எஸ்' என்றால் மூன்று செல் வரிசையாக இருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் லேபிளில் 11.1 வோல்ட். ஆனால் முழு சார்ஜில் அதே பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஆக, லேபிளில் உள்ள 11.1 ஒரு பெயர்ப்பலகை மாதிரிதான். உள்ளே இப்போது எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது.

பேரலல்: தண்ணீர்த் தொட்டிக் கணக்கு

மொட்டை மாடியில் இரண்டு தொட்டிகளை அடியில் ஒரு குழாயால் இணைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 1,000 லிட்டர், இன்னொன்று 500 லிட்டர். இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றாக இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. 2200 எம்.ஏ.எச். பேட்டரியையும் 1300 எம்.ஏ.எச். பேட்டரியையும் பேரலலில் போடுவதும் அப்படித்தான். இரண்டும் 3எஸ், இரண்டும் ஒரே வோல்டேஜ் என்றால் 3500 எம்.ஏ.எச். கிடைக்கும். சிறியது குறைவாகவும் பெரியது அதிகமாகவும் கரன்ட் கொடுத்து, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இறங்கும்.

மட்டம் வேறாக இருந்தால்தான் சிக்கல். ஒன்று முழு சார்ஜில் 12.6 வோல்ட், மற்றது பெரும்பகுதி தீர்ந்து 11.1 வோல்ட். வித்தியாசம் வெறும் 1.5 வோல்ட்தான். ஆனால் நல்ல லிப்போவின் உள்மின்தடை மிகக் குறைவு. இரண்டும் சேர்ந்து 30 மில்லி ஓம் என்று வைத்தால், கணக்குப்படி 50 ஆம்பியர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும். 2200 எம்.ஏ.எச். பேட்டரியை வழக்கமாக நாம் சார்ஜ் செய்வது 2.2 ஆம்பியரில். நீங்கள் விமானத்தை ஆன் செய்யவே வேண்டாம். கனெக்டரை மாட்டினாலே போதும், 'பட்' என்று ஒரு பொறி வரும்.

3எஸ்ஸோடு 4எஸ்ஸைப் பேரலலில் போடுவது? அதை நினைத்துக்கூடப் பார்க்காதீங்க.

சீரியல்: சத்தமில்லாமல் கெடுக்கும்

சீரியலில் வோல்டேஜ் கூடும். ஆனால் இரண்டு பேட்டரியிலும் ஒரே அளவு கரன்ட்தான் ஓடும். பெரிய பேட்டரி சின்னதுக்காக விட்டுக்கொடுக்க வழியே இல்லை. 2200, 1300 இரண்டையும் சீரியலில் போட்டு 20 ஆம்பியர் இழுத்தால், 1300 நான்கு நிமிடத்துக்குள் காலி. பெரியதில் அப்போதும் 900 மிச்சம் இருக்கும்.

"அதான் இ.எஸ்.சி.யில் கட்-ஆஃப் இருக்கே?" என்று கேட்கலாம். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் அந்தக் கருவி பார்ப்பது மொத்த வோல்டேஜை மட்டும். ஆறு செல்லுக்குத் தலா 3 வோல்ட் என 18 வோல்ட்டில் நிறுத்தும்படி வைத்திருக்கிறீர்கள். பெரிய பேட்டரி 11.1-ல் தெம்பாக நிற்கிறது. மீதி 6.9 வோல்ட் வரைக்கும் சின்னது இறங்கினாலும் கருவிக்கு ஒன்றும் தெரியாது. அதாவது செல்லுக்கு 2.3 வோல்ட். அதற்குள் அந்தச் செல்கள் அடிபட்டுவிடும். இன்னும் இழுத்தால் பலவீனமான செல் பூஜ்யத்தைத் தாண்டித் தலைகீழாகவும் திரும்பலாம்.

பல விமானங்களில் ரிசீவருக்கும் இறக்கையை அசைக்கும் சர்வோக்களுக்கும் இதே பேட்டரியிலிருந்துதான் மின்சாரம் போகிறது. பறக்கும்போது வோல்டேஜ் திடீரென்று சரிந்தால் மோட்டார் நிற்பதோடு முடியாது. கையில் இருக்கும் ரிமோட்டுக்கு விமானம் கட்டுப்படாமலே போகலாம். சுற்றிலும் வீடுகள் உள்ள ஊரில் ஒரு கிலோ எடை எங்கே விழும் என்று யார் சொல்வது? (ஆவடியில் பாதுகாப்புத் துறை வளாகங்கள் நிறைய. பறக்கவிடும் முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடத்தின் நிறத்தைப் பார்த்துவிடுங்கள்.)

விமானம் பத்திரமாக இறங்கிவிட்டாலும் கதை முடியவில்லை. அளவுக்கு மீறி இறங்கிய செல்லுக்குள் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். மைதானத்தில் ஒன்றும் ஆகாத பேட்டரி, ராத்திரி ஹாஸ்டல் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறும்போது எரிவது இப்படித்தான்.

ஒரே மாடல், ஒரே சைஸ் என்றால் ஓகேவா?

புதுசும் பழசும் என்றால் ஓகே இல்லை. நூறு முறை பறந்த 2200, உண்மையில் 2200 ஆக இருக்காது. உள்மின்தடையும் ஏறியிருக்கும். லேபிள் ஒன்றாக இருந்தாலும் இதுவும் பொருந்தாத ஜோடிதான். இப்போது வரும் பல சார்ஜர்கள் செல் வாரியாக உள்மின்தடையைக் காட்டும். அந்த எண்ணைப் பார்க்காமல் ஜோடி சேர்ப்பது ஜாதகம் பார்க்காத கல்யாணம் இல்லை, ஆளையே பார்க்காத கல்யாணம்.

சீரியலில் போடத்தான் வேண்டும் என்றால் ஒரே நாளில், ஒரே மாடலில் இரண்டு வாங்குங்கள். மார்க்கரில் '1ஏ', '1பி' என்று எழுதி, கடைசிவரை ஜோடியாகவே பயன்படுத்துங்கள். பேரலல் என்றால் இரண்டையும் முழுசாக சார்ஜ் செய்து, செல்லுக்கு 0.05 வோல்ட் வித்தியாசத்துக்குள் இருக்கிறதா என்று செக்கரில் பார்த்த பிறகு மாட்டுங்கள். உப்பியிருக்கும் பேட்டரியை எதனோடும் சேர்க்க வேண்டாம். குப்பைத் தொட்டியிலும் போட வேண்டாம், இ-கழிவு வாங்குபவர்களிடம் கொடுங்கள். சார்ஜ் போடும் இடத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும், நீங்களும் இருங்கள்.

விமானமே விடாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. இரண்டு பேட்டரி வைத்த 24 வோல்ட் இன்வெர்ட்டர் வீட்டில் உண்டா? அதுவும் சீரியல்தான். ஒன்று மட்டும் போய்விட்டது என்று கூப்பிட்டால், "ரெண்டையும் சேர்த்து மாத்திடுங்க சார்" என்பார் கடைக்காரர். வியாபாரம் பண்ணுகிறார் என்று தோன்றும். பண்ணத்தான் செய்கிறார், ஆனால் சொல்வது சரி. பழசு சீக்கிரம் நிரம்பி ஓவர்சார்ஜ் ஆகும், புதுசு நிரம்பாமலே கிடக்கும். கொஞ்ச நாளில் புதுசையும் மாற்ற வேண்டி வரும்.