உண்ணிச்செடி நாற்காலியும் வேர் பறிக்கும் கூலியும்

கூடலூர்ப் பக்கம் உண்ணிச்செடிக்குப் பஞ்சமே இல்லை. அந்தச் செடியின் தண்டில்தான் நாங்கள் நாற்காலியும் ஊஞ்சலும் செய்கிறோம். வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் பிரம்பு என்றே நினைக்கிறார்கள்.

வெள்ளைக்காரர்கள் 1800களின் தொடக்கத்தில் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்த அமெரிக்கச் செடி இது. இன்று இந்தியாவில் புலி வாழும் காடுகளில் சுமார் 40 விழுக்காட்டுப் பரப்பில் பரவியிருப்பதாக 2020இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. புதர் அடர்ந்தால் அடியில் புல் முளைக்காது. மாடு தின்றால் ஈரல் கெடும். மானும் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். புல்லைத் தேடி யானை தோட்டப் பக்கம் இறங்குகிறது. கோடையில் காய்ந்த புதர் தீப்பிடித்தால், அதுவே ஏணியாகி நெருப்பு மரக்கிளை வரை ஏறிவிடும்.

தண்டைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்தால் பட்டை கழன்று வரும். சூடு ஆறுவதற்குள் வளைத்துச் சட்டத்தில் கட்டி, ஆணி அடிக்க வேண்டும். ஆறிப்போனால் முரண்டு பிடிக்கும். வெயிலில் காய்ந்தபின் கெட்டியாகிவிடும். எங்கள் பட்டறையில் பணியர், பெட்டகுறும்பர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் வேலை செய்கிறார்கள். தேயிலைத் தோட்டக் கூலியைத் தவிர வேறு வழியில்லாமல் இருந்தவர்கள் அவர்கள்.

இதே தண்டில் கூடலூர் வட்டாரத்து யானைகளை அச்சு அசலாக, ஆள் உயரத்துக்கு மேல் செய்தவர்களும் இங்கே உண்டு. 2021இல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024இல் நூறு யானைகள் அமெரிக்கா போயின. யானையும் மனிதரும் சேர்ந்து வாழும் முயற்சிகளுக்கு அந்த விற்பனையிலிருந்து பணம் திரும்புகிறது.

ஆனால் 'ஒரு நாற்காலி வாங்கினால் ஒரு துண்டுக் காடு பிழைக்கும்' என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். நாற்காலிக்கு வேண்டியது கட்டைவிரல் பருமனில் நேரான தண்டு மட்டும். அதை வெட்டிக்கொண்டு வந்தால் அடிக்கட்டை மறுபடி தளிர்க்கும், முன்னைவிட அடர்த்தியாக. "தலைய வெட்டினா நாலா மொளைக்கும்ணா" என்பார் எங்களோடு வேலை செய்யும் ஒரு தம்பி. தொழில் பார்வையில் அது லாபம்கூட: வருஷா வருஷம் புதுத் தண்டு! காட்டுக்குத்தான் நஷ்டம்.

அதனால் தண்டு எடுக்கிற இடத்தில் வேரையும் எடுத்தாக வேண்டும். தரைக்குக் கொஞ்சம் கீழே, தளிர்க்கிற பகுதிக்கும் அடியில் வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டால் பெரும்பாலும் பிழைக்காது. ஆனால் மண்ணிலேயே விதை கிடக்கிறது. போதாக்குறைக்குக் கொண்டைக்குருவிகள் பழத்தைத் தின்று புதிதாக விதைத்துக்கொண்டிருக்கும். ஆகவே அடுத்த சில மழைக்காலங்களில் நாற்றுகளைக் கையால் பிடுங்கி, வெறுமையான இடத்தில் உள்ளூர்ப் புல் வளர விட வேண்டும். இதற்கெல்லாம் வனத்துறை அனுமதி வேண்டும். போட்டோவில் காட்ட ஒன்றும் இல்லாத வேலை என்பதால் இதற்குப் பணம் தர எளிதில் யாரும் முன்வருவதில்லை.

அதனால் வேர் பறிக்கும் கூலியை நாங்கள் நாற்காலி விலையிலேயே சேர்த்துவிடுகிறோம். பேரம் பேசுகிறவர்களிடம் மெருகிலும் துணியிலும் குறைத்துத் தருகிறேன். வேர் பறிக்கிறவர் கூலியில் கை வைப்பதில்லை.