ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷை நிறுத்தாதீர்கள்

காலையில் பல் துலக்கித் துப்பும்போது எச்சிலில் சிவப்பு தெரிந்தால் பலரும் அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களை மட்டும் தேய்ப்பார்கள். சிலர் பிரஷ்ஷை ஓரம் வைத்துவிட்டு விரலுக்கு மாறிவிடுவார்கள். "உடம்புச் சூடு, அதான்" என்று இளநீர் வாங்கிக் குடிப்பவர்களும் உண்டு. இரண்டு நாளில் ரத்தம் நின்றது போலவும் இருக்கும். தொடாத இடத்தில் ரத்தம் எப்படி வரும்?

ஈறுநோய் பற்றிக் கடந்த 60 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் இதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. ரத்தம் வருகிற இடம்தான் கூடுதலாகத் துலக்க வேண்டிய இடம். எப்படி இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று தெரிந்துகொண்டால் பல் மருத்துவரிடம் போகும்போது பாதிப் பயம் போய்விடும்.

பல் துலக்காமல் இருந்த பன்னிரண்டு பேர்

ஈறு ஏன் வீங்குகிறது என்பதற்கு 1960-கள் வரை ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சத்துக்குறைவு என்றார்கள், வயது என்றார்கள், பரம்பரை என்றார்கள். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரப் பல் மருத்துவக் கல்லூரியில் ஹாரல்ட் லோ என்ற நார்வேக்காரர் இதற்கு விடைகாண ஒரு சோதனை செய்தார். 1965-இல் வெளியான ஆய்வு அது. ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த முதலாமாண்டு மாணவர்கள். பல் துலக்குவதை அவர்கள் அடியோடு நிறுத்திவிட வேண்டும். சோதனை அவ்வளவுதான்.

10 நாளிலிருந்து 21 நாளுக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. பல்லில் படிந்த மாவு போன்ற படலத்தை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தொடக்கத்தில் உருண்டைக் கிருமிகளே மிகுந்திருந்தன; நாளாக ஆக இழை வடிவக் கிருமிகளும் சுருள் வடிவக் கிருமிகளும் பெருகிக்கொண்டே வந்தன. பிறகு மறுபடி துலக்கச் சொன்னார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்கு வந்துவிட்டது. சத்து மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. படலம் இருந்தால் வீக்கம், எடுத்தால் குணம். பெரிய இயந்திரம் ஏதும் இல்லாமல் ஒரு துறையின் பாதையையே மாற்றிய ஆய்வு என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

மலையகத் தோட்டத்துத் தொழிலாளர்கள்

அடுத்த கேள்வி கடினமானது. ஈறு வீக்கத்தைக் கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டால் என்ன ஆகும்? வீக்கம் ஈறோடு நிற்குமா, உள்ளே இறங்கிப் பல்லைப் பிடித்திருக்கும் நார்களையும் எலும்பையும் அரிக்குமா? எல்லோருக்கும் அரிக்குமா?

இதற்கு லோவின் குழு இரண்டு கூட்டத்தாரைத் தொடர்ந்து கவனித்தது. ஒன்று, நார்வேயின் ஆஸ்லோ நகரில் 565 மாணவர்களும் கல்வியாளர்களும். சிறுவயது முதல் பல் மருத்துவம் பார்த்து வளர்ந்தவர்கள். இன்னொன்று, இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 14 முதல் 31 வயது வரையிலான 480 ஆண் தொழிலாளர்கள். 1970-இல் அவர்களை முதலில் பரிசோதித்தார்கள். கொழுந்து மணக்கும் அந்த மலைகளில் உழைத்த நம் மலையகத் தமிழர்கள் அவர்கள். பிரஷ், பேஸ்ட் வழக்கம் கிடையாது. பல் மருத்துவர் கிடையாது. பல்லில் படலமும், அது இறுகி உண்டாகும் காரையும் கனமாகப் படிந்திருந்தன. ஈறு வீங்காத இடமே ஏறக்குறைய இல்லை.

15 ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய் அளந்தார்கள். 1985-இல் நடந்த கடைசிப் பரிசோதனைக்கு முதல் சுற்றில் இருந்தவர்களில் 161 பேர் கிடைத்தார்கள். எல்லோர் வாயிலும் ஒரே அழுக்கு, ஒரே வீக்கம். விளைவோ மூன்று விதம். சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக ஓடியது. அவர்களுக்கு 20 வயதிலேயே பல் விழத் தொடங்கி, 35 வயதில் 12 பற்கள், 40 வயதில் 20 பற்கள், 45 வயதில் எல்லாப் பற்களும் போய்விட்டன. 81 சதவீதம் பேருக்கு நடுத்தர வேகம். 30 வயதுக்கு மேல் பல் விழத் தொடங்கி, 45 வயதில் 7 பற்களை இழந்திருந்தார்கள். மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி. எலும்பு அசையவில்லை, பல்லும் விழவில்லை.

"எங்க தாத்தா பிரஷ்ஷையே தொட்டதில்லை, 80 வயசுலயும் கரும்பு கடிச்சார்" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தத் தாத்தா 11 சதவீதத்தில் ஒருவராக இருந்திருப்பார். பேரன் எந்தக் கணக்கில் வருவான் என்பது பல் ஆடத் தொடங்கும்வரை அவனுக்கே தெரியாது. அதுதான் சிக்கல்.

ஆஸ்லோக்காரர்களின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 40 வயதை நெருங்கும்போது பல்லுக்கும் ஈறுக்குமான பிடிப்பில் அவர்கள் இழந்தது சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டர். தோட்டத் தொழிலாளர்கள் இழந்தது நாலரை மில்லிமீட்டர். இடைவெளி மூன்று மில்லிமீட்டர்தான். பல் நிற்பதும் விழுவதும் அதில்தான் இருக்கிறது.

உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் இந்த ஆய்வைப் படித்துத்தான் தேர்வு எழுதுகிறார்கள். சிகிச்சை கிடைக்காத ஒரு சமூகத்தின் வாயிலிருந்து எழுதப்பட்ட பாடம் இது என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. சிகிச்சையின்றி நோய் போகும் போக்கைப் பதினைந்து ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வுக்கு இன்றைய நெறிமுறைக் குழுக்கள் லேசில் அனுமதி தராது. 2010-இல் அந்த 480 பேரில் 75 பேரைத் தேடிப்பிடித்து மறுபடி பரிசோதித்தார்கள். காரையை அகற்றுவதும், ஈறு வீக்கத்தைக் கட்டுப்படுத்துவதும், தொடக்கநிலை ஈறுநோய்க்கு முப்பது வயதுக்கு முன்பே சிகிச்சை செய்வதும் எவ்வளவு முக்கியம் என்பதையே அந்த 40 ஆண்டுக் கணக்கும் காட்டியது.

மருத்துவர் சொல்லும் எண்கள்

ஈறுநோய் பெரும்பாலும் வலிக்காது. வலிக்கும்போது சீழ் கட்டியிருக்கும், அல்லது பல் ஆடத் தொடங்கியிருக்கும். அதனால் கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது, அளக்க வேண்டும்.

அளக்கும் கருவி மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி. முனை மழுங்கலாக இருக்கும், குத்தாது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் அதை மெல்ல இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடங்களில் ஆழம் பார்ப்பார்கள். மருத்துவர் "மூணு, ரெண்டு, மூணு... அஞ்சு, நாலு, ஆறு" என்று சொல்லச் சொல்ல உதவியாளர் அட்டவணையில் குறிப்பார். மூன்று வரை கவலையில்லை. நான்கோ அதற்கு மேலோ போனால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. மருத்துவர்கள் இதை 'பாக்கெட்' என்பார்கள். ஆறு, ஏழு என்றால் பிரஷ் எட்டாத ஆழத்தில் காரை உட்கார்ந்திருக்கிறது. கம்பியை எடுத்ததும் ரத்தம் துளிர்க்கிறதா என்பதும் குறிப்பில் ஏறும். எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை எக்ஸ்ரே காட்டிவிடும்.

புகை பிடிப்பவர்களும் புகையிலை போடுபவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்க, வெளியே ரத்தம் குறைவாகத்தான் வரும். "எனக்கு ரத்தமே வர்றதில்லை டாக்டர்" என்பது இவர்கள் விஷயத்தில் நல்ல செய்தி ஆகாது.

சிகிச்சையில் எது தேறியது, எது தேறவில்லை

முதல் சிகிச்சை பல்லின் மேலும் வேரின் மேலும் ஒட்டியிருக்கும் படலத்தையும் காரையையும் சுத்தமாக எடுப்பது. வெளியே செய்வது ஸ்கேலிங். ஈறை மரக்கச் செய்து உள்ளே வேர்ப்பகுதியைச் சுத்தம் செய்வது அடுத்த கட்டம். சில வாரங்கள் கழித்து மறுபடி அளந்து பார்த்து, இன்னமும் ஆழமாக இருக்கும் இடங்களில் மட்டும் ஈறைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்வார்கள். ஐரோப்பிய ஈறுநோய் மருத்துவக் கூட்டமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்தப் படிகளைத்தான் வரிசைப்படுத்துகிறது. முதல் படி நோயாளியின் கையில் இருக்கிறது: வீட்டில் ஒழுங்காகத் துலக்குவதும் புகையை விடுவதும்.

"கிளீன் பண்ணினா பல் தேயும், இடைவெளி விழும், ஆட ஆரம்பிக்கும்" என்ற பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. சுவரில் சிமெண்டுப் பூச்சு மாதிரி காரை பல் சந்துகளை அடைத்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் எலும்பு ஏற்கெனவே போன இடம் வெளியே தெரிகிறது. வீக்கம் வற்றி ஈறு இறங்குவதாலும் சந்து பெரிதாகத் தெரியும். சில வாரங்கள் பல் கூச்சம் இருக்கும், பிறகு குறையும். பல்லை ஆட்டியது நோய். பழி மட்டும் கிளீனிங் மேல் விழுகிறது.

ஆண்டிபயாடிக் மாத்திரைகளைப் பற்றி நிறைய ஆய்வுகள் நடந்துவிட்டன. எல்லா ஈறுநோய்க்கும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்பதே மேற்சொன்ன வழிகாட்டுதலின் நிலை. காரை அப்படியே இருக்க, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரை வீக்கத்தைச் சில நாள் அமுக்கும், அவ்வளவுதான். விளம்பரங்களில் வரும் லேசரையும் அந்த வழிகாட்டுதல் துணைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. விலையைக் கேட்கும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோயும் ஈறும்

கட்டுப்பாடில்லாத சர்க்கரை ஈறைக் கெடுக்கும் என்பது பழைய செய்தி. ஈறைச் சரிசெய்தால் சர்க்கரை இறங்குமா என்பதில்தான் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். அமெரிக்காவில் 514 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2013-இல் வெளியானது. ஆறு மாதத்தில் மாற்றம் எதுவும் இல்லை என்றது. சிகிச்சைக்குப் பிறகும் அவர்கள் பல்லில் படலம் ஏராளமாக இருந்ததே, அரைகுறையாகச் சுத்தம் செய்துவிட்டு எப்படி முடிவு சொல்வது என்று மற்றவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2018-இல் லண்டனில் 264 பேரிடம் தீவிரமாகச் சிகிச்சை செய்து ஓராண்டு பார்த்தார்கள். மேலோட்டமாகச் சுத்தம் செய்துகொண்டவர்களைவிட இவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 0.6 புள்ளி குறைவாக இருந்தது. 35 ஆய்வுகளையும் 3,249 நோயாளிகளையும் சேர்த்து ஆராய்ந்த 2022-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, மூன்று நான்கு மாதங்களில் சுமார் 0.4 புள்ளியும் ஓராண்டில் 0.5 புள்ளியும் குறைவதாகக் கணித்தது.

இதைக் கேட்டு யாரும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஆனால் நம் ஊர்களில் வீட்டுக்கு ஒரு சர்க்கரை நோயாளி இருக்கும் நிலையில், காலையும் கண்ணையும் பரிசோதிக்கும் அக்கறை ஈறுக்கும் வேண்டும். இன்றும் பல சர்க்கரை மருத்துவமனைகளில் வாயைத் திறக்கச் சொல்வதே இல்லை.

கர்ப்பிணிகளுக்கு

ஈறுநோய்க்குச் சிகிச்சை செய்தால் குறைப்பிரசவம் குறையும் என்று ஒரு காலத்தில் பெரிதாக நம்பினார்கள். அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில் அப்படிக் குறையவில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. கர்ப்ப காலத்தில் ஈறுச் சிகிச்சை பாதுகாப்பானது, ஈறும் தேறுகிறது. "மாசமா இருக்கிற பொண்ணு பல் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது" என்று தடுக்கும் மாமியார்களும் அத்தைகளும் இதைக் கேட்டுக்கொள்ளலாம்.

சிகிச்சைக்குப் பிறகு

ஒருமுறை சுத்தம் செய்துவிட்டு மூன்று ஆண்டு கழித்துப் போனால் பழைய கதைதான். சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் 1971-72-இல் தொடங்கிய ஆய்வில் 375 பேருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறாம் ஆண்டுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் சுத்தம் செய்து, பல் சந்துகளைத் துலக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 180 பேரின் நிலை ஆறாண்டுகளில் மோசமானது. அந்த ஒப்பீட்டுப் பிரிவு அதோடு நிறுத்தப்பட்டது. மற்றவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 30 ஆண்டு நிறைவுவரை இருந்த 257 பேர் இழந்த பற்கள், வயதுப் பிரிவுக்கு ஏற்ப, சராசரியாக ஒருவருக்கு 0.4 முதல் 1.8 வரை மட்டுமே.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போவது நம்மில் பலருக்கு நடக்காத காரியம். ஈறுநோய் வந்து போனவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும். மற்றவர்களுக்கு எத்தனை மாதம் என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். வீட்டில் காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷால், ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் துலக்குங்கள். சந்துகளுக்குச் சிறு சந்து பிரஷ் கடைகளில் கிடைக்கிறது. செங்கல் பொடியும் கரித்தூளும் வேண்டாம்.

அடுத்த முறை பல் மருத்துவரிடம் போனால் "கிளீன் பண்ணிவிடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். "என் ஈறை அளந்து பாருங்க டாக்டர், எந்தெந்தப் பல்லில் எத்தனை மில்லிமீட்டர் இருக்குன்னு எழுதிக் கொடுங்க" என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.