நண்டு ஓடு ரத்தத்தை நிறுத்துமா? கைட்டோசன் பேண்டேஜ் வேலை செய்வது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டம் தொண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது காரங்காடு. அலையாத்திக் காட்டில் படகு சவாரி, அப்புறம் சுடச்சுட நண்டு, மீன். இதுதான் அங்கே போகிறவர்களின் வழக்கமான பிளான். சாப்பிட்டு மிஞ்சும் நண்டு ஓடு நேராகக் குப்பைக்குப் போய்விடும். ஆனால் அதே மாதிரி ஓட்டிலிருந்து எடுக்கப்படும் ஒரு பொருள், அடிபட்டவரின் ரத்தப்போக்கை நிறுத்தும் பேண்டேஜாக மாறுகிறது. அதன் பெயர் கைட்டோசன்.

ஓட்டுக்குள்ள அப்படி என்ன இருக்கு?

நண்டு, இறால் ஓட்டில் முக்கியமாக மூன்று விஷயங்கள் உண்டு: கால்சியம் கார்பனேட், புரதம், கைட்டின். ஓட்டைக் கழுவிக் காயவைத்துப் பொடித்து, நீர்த்த அமிலத்தில் ஊறவைத்தால் கால்சியம் கரைந்துவிடும். காரத்தில் சூடாக்கினால் புரதம் போய்விடும். மிஞ்சுவது கைட்டின். அதை அடர்த்தியான சோடியம் ஹைட்ராக்சைடில் மறுபடி சூடாக்கினால் கைட்டோசன் ரெடி.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1811-லேயே பிரான்ஸின் ஹென்றி பிராகோனோ காளானில் கைட்டினைக் கண்டறிந்தார். 1859-ல் சார்லஸ் ரூஜே அதைக் காரத்தில் கொதிக்கவைத்து, இன்று கைட்டோசன் என்று அழைக்கப்படும் பொருளைப் பெற்றார். ஆபரேஷன் தியேட்டர் பக்கம் அது வந்ததுதான் லேட்.

ரத்தம் எப்படி நிற்கிறது?

கைட்டோசனுக்கு நேர்மின்னூட்டம். ரத்தச் சிவப்பணுக்களின் வெளிப்பரப்பில் எதிர்மின்னூட்டம். இரண்டும் காந்தம் மாதிரி ஒன்றையொன்று இழுக்கும். சிவப்பணுக்கள் பேண்டேஜில் ஒட்டித் திரண்டு, காயத்தின் மேல் ஓர் அடைப்பு உருவாகிவிடும். உடலின் வழக்கமான உறைதல் வேலையை மட்டுமே இது நம்பியிருப்பதில்லை என்பதுதான் இதன் பலம்.

அமெரிக்காவில் உருவான ஹெம்கான் என்ற கைட்டோசன் பேண்டேஜுக்கு 2002-ல் அந்நாட்டு எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அது வீரர்களின் காயங்களுக்குப் பயன்பட்டது. இந்தியாவில் ஆக்சியோ பயோசொல்யூஷன்ஸ் நிறுவனம் ஆக்சியோஸ்டாட் என்ற பெயரில் கைட்டோசன் பேண்டேஜைத் தயாரிக்கிறது.

பல்கலைக்கழக ஆய்வகங்கள் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கின்றன. கொச்சியில் உள்ள அம்ருதா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கைட்டோசன் ஜெல்லில் நானோ துத்தநாக ஆக்சைடைக் கலந்து, ஸ்பாஞ்ச் மாதிரி துளைகள் கொண்ட பேண்டேஜை உருவாக்கி 2012-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். துளைகள் கசிவை உறிஞ்சும். துத்தநாகம் கிருமிகளைத் தடுக்கும். எலிகளில் காயம் ஆறுவதும் வேகமானது. ஆனால் எலியில் ஜெயித்ததெல்லாம் மனிதர்களிடமும் ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது.

நண்டு அலர்ஜி இருந்தால்?

அலர்ஜியைக் கிளப்புவது பெரும்பாலும் ஓட்டிலும் சதையிலும் உள்ள புரதம்தான். தயாரிப்பில் அது நீக்கப்படுவதால் ஆபத்து குறைவு. இருந்தாலும் அலர்ஜி உள்ளவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இன்னொன்று: இந்த பேண்டேஜ் அறுவை சிகிச்சைக்கு மாற்று இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான்.

அந்த நேரம் யாருக்கு அதிகம் தேவை? நடுக்கடலில் கயிறோ, கத்தியோ, இன்ஜின் புரொப்பல்லரோ கையைக் கிழித்தால், மீனவர் கரை சேர்வதற்கே மணிக்கணக்கில் ஆகலாம்.

கரைக்கு இதனால் என்ன லாபம்?

இப்போதைக்குப் பெரிதாக இல்லை. ஓட்டின் விலை வேறு, மருத்துவத் தரக் கைட்டோசனின் விலை வேறு. நடுவில் இருப்பது சுத்தம். வெயிலில் ஓடு சீக்கிரம் அழுக ஆரம்பித்துவிடும். உடனே பிரித்துக் கழுவி உலர்த்தினால்தான் தரம் நிற்கும். கன உலோகம், கிருமி நச்சு என அடுத்தடுத்த சோதனைகளையும் தாண்ட வேண்டும்.

சரி, காரங்காட்டிலேயே ஒரு கைட்டோசன் ஆலை போட்டால்? அமில, காரக் கழிவு நீர் அங்கேதான் சிக்கல். அதைச் சுத்திகரிக்காமல் விட்டால் முதலில் பாதிக்கப்படுவது அலையாத்திக் காடு. நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்கிற தொட்டிலே அதுதான். எனவே ஓட்டைப் பிரித்து உலர்த்தும் வேலை கரையிலேயே நடந்து, ரசாயன வேலை முறையான சுத்திகரிப்பு வசதியுள்ள இடத்தில் நடப்பதுதான் புத்திசாலித்தனம்.

தொண்டியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. ஓடும் இங்கே, படிப்பும் இங்கே. இரண்டையும் சேர்த்து, முடிவில் வரும் பேண்டேஜை ஒவ்வொரு படகின் முதலுதவிப் பெட்டியிலும் வைப்பதுதான் பாக்கி.