மண் இல்லாமல் மரக்கறி: வீட்டுக்குள் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்

வெங்காயமும் மிளகாயும் செய்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர், ஒரு விதை முளைப்பதைக் காணாமலே பாடசாலைக்குப் போகின்றனர். வாடகை அறையிலோ உறவினர் வீட்டிலோ கொத்துவதற்கு ஒரு பாத்தி மண் கிடையாது. வலிகாமம் வடக்கில் 1990 இல் விட்டுவந்த காணிகள் சிலருக்கு இன்னமும் திரும்பக் கிடைக்கவில்லை. கிடைக்கும் நாளில் அதைச் செய்யப் பிள்ளைக்குக் கை பழகியிருக்க வேண்டும். அதற்கு மண் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மண் பயிருக்குச் செய்வது என்ன? வேர் பிடிக்க இடம், நீர், ஊட்டம், வேருக்குக் காற்று ஆகியவற்றைக் கொடுக்கின்றது. இவற்றை வேறு வழியில் கொடுத்தாலும் செடி வளரும். 1860 அளவிலேயே ஜெர்மனியில் யூலியஸ் சாக்ஸ் என்ற தாவரவியலாளர், உப்புகள் கரைத்த நீரில் செடிகளை வளர்த்துக் காட்டினார்.

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்குப் பயறு போதும். ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்தால் இரண்டு நாளில் முளைவிடும். சிலவற்றை அவித்து உண்ணலாம். மிகுதியை இரண்டு கோப்பைகளில் ஈரத்துணிமேல் இட்டு, ஒன்றை யன்னலடியிலும் மற்றதைக் கட்டிலின் கீழும் வைக்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் கட்டிலின் கீழுள்ளது வெளிறி நெடுத்து விழும். வெளிச்சத்தைப் பற்றி நீங்கள் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது கங்குன். சந்தையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டுகளை எடுத்துப் போத்தல் நீரில் நிறுத்தினால் சில நாட்களில் கணுவில் வேர் வரும். நிலத்தில் மறைந்திருப்பதைப் பிள்ளை கண்ணால் காண்கின்றது.

எட்டு வயதுக்கு மேற்பட்டோர் பெட்டியில் செய்யலாம். மீனோ பழமோ வந்த றெஜிபோம் பெட்டியைக் கழுவி, உள்ளே கறுத்தப் பொலித்தீன் விரியுங்கள். மூடியில் துளையிட்டு, அடியில் ஓட்டை போட்ட யோகட் கோப்பைகளைப் பொருத்துங்கள். கோப்பைக்குத் தும்புத்தூள், உப்புப் போக அதை இரண்டு மூன்று தடவை அலசுவது அவசியம். ஊட்டத்துக்கு அல்பேர்ட் கலவைத் தூளைப் பொதியில் குறித்த அளவில் கரைக்க வேண்டும். நாற்றுக்கு அதிற் பாதி போதும். யூரியாவை மட்டும் கரைத்து ஊற்றுவது பயன் தராது. செடிக்கு வேண்டிய மற்றச் சத்துகள் அதில் இல்லை.

கரைசல் கோப்பையின் அடியைத் தொட்டால் போதும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். அப்போது விளிம்புவரை நிரப்பிவிடாதீர்கள். இடைவெளியில் தொங்கும் வேர்கள் காற்றை எடுப்பவை. அவற்றை மூழ்கடித்தால் சலாது போன்றவை வாடிவிடும். கமக்காரருக்கு இதுதான் கடினம். நீர் குறைந்தால் இறைத்துப் பழகிய கை சும்மா இராது!

டெங்கு நுளம்பு தெளிந்த நீரில் பெருகும். ஆகவே மூடியில் இடைவெளி இருக்கலாகாது. போத்தல் நீரை இரண்டு நாளுக்கொரு முறை மாற்றி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். பசளைத் தூளைப் பெரியவர்களே கரைக்க வேண்டும். சீனி, உப்புப் போத்தல்களின் அருகில் அதை வைக்கவே கூடாது.

வீட்டுக்குள் இலைக்கறியே சரிவரும். தக்காளிக்கும் கத்தரிக்கும் நல்ல வெயில் வேண்டும். வாசலிலோ யன்னலிலோ சில மணிநேரம் வெயில் விழும் இடத்தில் பெட்டியை வையுங்கள். ஏறத்தாழ ஒரு மாதத்தில் கங்குனை வெட்டலாம். அடியில் இரண்டு கணு விட்டு வெட்டினால் மீண்டும் தளிர்க்கும். பழைய கரைசலைக் கொட்டிவிடாமல், சாக்கிலோ வாளியிலோ நிற்கும் மிளகாய்க்கு ஊற்றுங்கள்.